ஓராண்டு தாண்டினால் பிள்ளை இந்தியன் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தேனி அல்லிநகரத்தில் பாஸ்போர்ட், பான் கார்டு விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்கும் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களில், அங்கேயே பிறக்கும் குழந்தைகளுக்கு நேரும் ஒரு சிக்கலைப் பற்றி எந்தத் தேர்தல் மேடையிலும் பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தம்பதியின் கதை இது. கணவருக்கு அமீரகத்தில் ஏசி மெக்கானிக் வேலை. அங்கே குழந்தை பிறந்த சில மாதங்களில் வேலை போய்விட்டது. தூதரகம் கொடுத்த ஒருவழிப் பயணத்தாளை வைத்துக்கொண்டு பிள்ளையோடு ஊர் திரும்பினார்கள். சொந்தக்காரர்கள் சூழ வீரப்ப அய்யனார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். பிறகு கணவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. குழந்தைக்கு பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தபோது வந்த பதில்: "குழந்தை பிறந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்த சான்று எங்கே?" அது அவர்களிடம் இல்லை. ஓராண்டும் தாண்டிவிட்டது. அந்தத் தாய் என் கடையில் உட்கார்ந்து கேட்டார்: "அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் இந்திய பாஸ்போர்ட் இருக்கு. அந்த நாட்டுக்காரனும் இவன எங்க பிள்ளைன்னு சொல்ல மாட்டான். அப்ப இவன் எந்த ஊருப் பிள்ளைண்ணே?"

கேள்வி நியாயமானது. வளைகுடா நாடுகளில் பிறந்துவிட்டால் மட்டும் வெளிநாட்டுக்காரர் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்காது. நம் சட்டமோ, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், ஒரு பூட்டைப் போட்டு வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வம்சாவளிக் குடியுரிமை கிடையாது. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

முன்பு இப்படி இல்லை. இந்தியாவில் பிறந்த தகப்பன் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், பிள்ளையும் இந்தியன். 1992 டிசம்பர் 10 முதல் தாய் இந்தியராக இருந்தாலும் போதும் என்று ஆனது. பதிவு என்ற நிபந்தனை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. எண்பதுகளில் சவூதியில் பிறந்து இன்று உத்தமபாளையத்தில் கடை வைத்திருப்பவருக்குத் தானாகவே வந்த உரிமை, இன்று வெளிநாட்டில் பிறக்கும் அவர் பிள்ளைக்கு ஒரு படிவத்தை நம்பி நிற்கிறது.

உள்நாட்டில் பிறந்த பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அல்லிநகரத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டாகியும் பதியவில்லை என்றால், பெரியகுளம் கோட்ட அளவிலேயே உத்தரவு பெற்றுப் பதிந்துவிடலாம். தாமதமாவது சான்றிதழ் மட்டும்தான். பிள்ளையின் குடியுரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கோ அதே தாமதம் குடியுரிமையையே நிறுத்தி வைக்கிறது, கோப்பு டெல்லிக்குப் போகிறது. தவறு செய்தவர் தகப்பனாகவே இருக்கட்டும். தண்டனை ஏன் பிள்ளைக்கு?

"ஒரு வருஷம் போதாதா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும், தவறினால் அபராதம். விசாவுக்கு பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும், அதற்குத் திருமணச் சான்று வேண்டும். அந்தத் திருமணச் சான்றில் சென்னைத் தலைமைச் செயலகம், வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என வரிசையாக முத்திரை விழ வேண்டும். தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம்தான். ஆனால் மண்டபத்தில் தாலி கட்டிய மறுமாதமே விமானம் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் சார்பதிவாளர் அலுவலகப் படி ஏறுகிறார்கள்? பிள்ளை பிறந்த பிறகு, ஊரிலிருக்கும் தாத்தாவைச் சென்னைக்கு அனுப்புகிறார்கள்.

இதில் இன்ஷியல் தொல்லை வேறு. நம் ஆட்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. திருமணச் சான்றில் ஓரெழுத்து இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அதன் முழு விரிவு, மருத்துவமனைச் சீட்டில் அரபியில் எழுதி மறுபடி ஆங்கிலத்துக்கு வந்த மூன்றாவது எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஊரிலேயே தங்கிவிடும் எண்ணத்தோடு திரும்பும் பெற்றோர், குழந்தை வந்திறங்கிய 60 நாளுக்குள் இங்கேயே பிறப்பைப் பதிய இடம் தருகிறது. என் கடைக்கு வந்தவர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்து பதிந்தாலும், அது பிறப்புப் பதிவுதான். தூதரகத்தில் செய்யும் குடியுரிமைப் பதிவுக்கு ஈடாகாது. இந்த வித்தியாசத்தை விமான நிலையத்திலோ நகராட்சியிலோ ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

நான் கேட்பது பெரிதல்ல. பெற்றோர் இருவரும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், ஓராண்டு தாண்டிய பதிவுக்கு அனுமதி தரும் அதிகாரத்தைத் தூதரகத்துக்கே கொடுங்கள். குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட்டோ பயணத்தாளோ தரும்போதே பிறப்புப் பதிவையும் சேர்த்து முடித்து அனுப்புங்கள். தாயின் கையில் தாளைக் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டு, பிற்பாடு இன்னொரு தாள் எங்கே என்று கேட்பது ஓர் அரசாங்கம் செய்கிற வேலையா?

மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கென 2011இல் சட்டமே இயற்றியிருக்கிறோம், ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் சென்னையோடு முடியாமல், தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒரு நாளாவது இதற்கென ஓர் அலுவலரை உட்கார வைக்கட்டும். மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் சென்னைக்குமாக அலையும் முதியவர்களுக்கு அது பெரிய உதவி.

நம் நாடாளுமன்ற உறுப்பினர் இதை மக்களவையில் கேள்வியாக எழுப்ப வேண்டும். அதுவரை காத்திருக்காமல், வெளிநாட்டில் கைக்குழந்தையோடு உறவினர் இருக்கும் வாசகர்கள் இன்றே போன் போட்டு, "பிள்ளைக்குத் தூதரகத்தில் பிறப்பைப் பதிஞ்சாச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்லிநகரம், தேனி மாவட்டம்.