ஒலுவில் வட்டையில் இரவுக்கண்: துப்பாக்கிக்கா, காவலுக்கா?

வேளாண்மை விளையும் நாட்களில் ஒலுவில் வட்டைகளில் காவல் இருப்பவர்களுக்கு யானை வருவதை முதலில் சொல்வது காதுதான். வரம்போரம் தண்ணீர் சளசளக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் யானை ஐம்பது மீற்றரில் நிற்கும். இருட்டிலும் உடற்சூட்டைப் படமாகக் காட்டும் தேர்மல் கருவி மீது விவசாயிக்கு ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் இணையத்தில் அதிகம் விளம்பரமாவது துப்பாக்கியில் பூட்டும் ரகம். லேசரால் தூரத்தையும் அளந்து சொல்லும்.

அது நமக்கு எதற்கு? பயிர்க்காவலுக்கென மாவட்டச் செயலகம் ஊடாக அனுமதி பெற்று வைத்திருப்பது சொட்கன். அதன் சன்னம் 40, 50 மீற்றருக்கு அப்பால் சிதறி வலுவிழந்துவிடும். ஆயிரம் மீற்றர் அளக்கும் லேசருக்கு அங்கே வேலையில்லை. யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம். சன்னம் பட்டுக் காயத்தோடு திரியும் யானை அடுத்த வட்டைக்காரருக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று, இதுதான் முக்கியம். துப்பாக்கியில் பூட்டிய கருவியால் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் குழலையும் அதன் பக்கமே திருப்ப வேண்டும். திரையில் தெரிவது வெறும் வெள்ளைப் புள்ளி. விளம்பரத்தில் “1,800 மீற்றர்” என்று போட்டிருந்தால், அவ்வளவு தூரத்தில் ஏதோ ஒரு சூடு இருக்கிறது என்று தெரியும் என்பதே பொருள். அது எருமையா, பன்றியா, வரம்பில் குந்தியிருக்கும் மனிதனா என்று பிரித்தறியும் தூரம் அதில் சிறு பங்குதான். மழையிலும் பனிமூட்டத்திலும் அதுவும் சுருங்கும். லேசரோ முன்னால் நிற்கும் நெற்கதிரில் பட்டுத் திரும்பித் தப்பான தூரத்தைக் காட்டலாம்.

போரைக் கண்ட ஊர்களில் இதற்கு வேறொரு கனமும் உண்டு. இரவில் பார்க்கும் கண்ணாடி படையினரின் கையில் இருந்தது. வயலுக்குப் போனவர் அதற்கு முன்னால் நடந்தார். இன்றும் தமிழரோ முஸ்லிமோ துப்பாக்கியில் அப்படியொன்றைப் பூட்டிக்கொண்டு வட்டையில் நின்றால், “யானைக்குத்தான் சேர்” என்ற விளக்கம் சோதனைச்சாவடியில் எடுபடும் என்று நான் நம்பவில்லை.

வாங்குவதென்றால் கையில் பிடித்துப் பார்க்கும் ரகமே போதும். யானை பெரிய உடம்பு. 384×288 புள்ளிச் சென்சரே சில நூறு மீற்றரில் அதைக் காட்டிக்கொடுக்கும். லேசர் இருந்தால் யானைவெடி கொளுத்தும் நேரத்தைக் கணிக்க உதவும், இல்லாவிட்டாலும் குறையில்லை. விலை ஒரு குடும்பத்துக்குக் கட்டாது. விவசாய அமைப்பொன்று பொதுவில் வாங்கி, காவல் முறைப்படி கைமாற்றலாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட வேண்டும்.

கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையில் தமிழ்நாடு வனத்துறை செய்ததும் ஏறக்குறைய இதுதான். யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்த அந்தப் பாதையோரம் 12 கோபுரங்களில் தேர்மல் கமரா பொருத்தினார்கள். 2024 பெப்ரவரியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் யானை தெரிந்ததும் ரயில்வேக்குத் தகவல் போகும், ரயில் வேகம் குறையும். துப்பாக்கிக்கு அங்கே இடமேயில்லை.

ஒலுவிலில் அப்படியொரு கமராவை எங்கே வைப்பது என்று தேட வேண்டியதில்லை. சுற்றுவட்டாரச் சபைகள் பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டிவந்த பள்ளக்காட்டில் யானைகள் கூட்டமாக மேயும் படங்களை உலகமே பார்த்தது. பிளாஸ்ரிக் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கு செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. குப்பைக்கு வரும் யானைக்கு வட்டை எட்டும் தூரம்தான். அந்தக் குப்பைக்குப் பொறுப்பு விவசாயி அல்ல, சபைகள்.