ஊமை ராணி ஏன் சாக வேண்டும்?

வார இதழ்களிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, பழுப்பு அட்டை ஒட்டிப் பாதுகாக்கப்பட்ட தொடர்கதைத் தொகுதிகளை நம்முள் பலர் தம் இல்லங்களில் கண்டிருப்போம். பாட்டி படித்து, தாய் படித்து, பின்னர் நம் கைக்கு வந்தவை அவை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அவ்வாறு வெளிவந்த தொடர்கதையே. இன்றும் அது மறுபதிப்புக் காண்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கும் வந்தது. இத்துணை ஈர்ப்புக்குப் போர்க்களங்களும் சதியாலோசனைகளும் மட்டுமா காரணம்? நாம் அவ்வாறு கருதவில்லை. நம்மைக் கட்டி இழுப்பவர்கள், ஒருவருக்கொருவர் எட்டாத உயரத்தில் வைக்கப்பட்ட காதலர்கள்.

தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பத்துப் பண்புகளைத் தொல்காப்பியம் எண்ணிக் கூறுகிறது. அவற்றுள் முதலில் நிற்பது பிறப்பு. தலைவன் தலைவியினும் உயர்ந்தவனாயின் தடையில்லை என்ற சலுகையும் அந்நூலிலேயே உண்டு. தலைவி உயர்ந்தவளாவதற்கு அச்சலுகை இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் நம் திருமணப் பேச்சுகள் இதே வரிசையில்தான் நடக்கின்றன. அந்த வரிசையை ஒரு கதை மீறப் பார்க்கும்போது நம் நெஞ்சு துடிக்கிறது. துடிப்பது நல்லதே. ஆனால் அக்கதைகள் உண்மையிலேயே மீறுகின்றனவா என்பதே நமது கேள்வி.

சுந்தர சோழர் இளைஞராக ஈழத்தை அடுத்த ஒரு தீவில் தனித்து ஒதுங்கியபோது, அவரைக் கரடியிடமிருந்து காத்தவள் மந்தாகினி. பேச்சற்ற பெண், கடற்கரை மக்களின் மகள். சில காலம் அத்தீவே அவர்களுக்கு உலகமாயிற்று. பின்பு கப்பல் வந்தது. அவர் அரியணைக்குச் சென்றார். அவள் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலில் குதித்தாள். பிழைத்தவள், பல்லாண்டுகள் கழித்துத் தஞ்சை அரண்மனைக்கு வருகிறாள். எதற்கு? அரசரைக் குறிவைத்து எறியப்பட்ட வேலைத் தன் உடலில் ஏற்று இறப்பதற்கு! நாமும் அழுதோம், மறுக்கவில்லை. ஆயினும் அழுது முடித்தபின் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். அவளை ஊமையாக்கியவர் யார்? தன் உரிமையைத் தன் வாயால் கேட்க இயலாத ஒருத்தியையே அரசனின் காதலியாகப் படைத்தது எவ்வளவு வசதி!

அவளுடைய மருமகள் பூங்குழலியின் கதை இன்னும் நுட்பமானது. இளவரசர் அருள்மொழிவர்மரை மனத்தில் வைத்திருந்த அந்த ஓடக்காரி, இறுதியில் கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை ஏற்கிறாள். அரண்மனை வேண்டாம், குடிசை போதும் என்று மனமார ஏற்கிறாள். என்ன அழகான முடிவு! அங்கே எழுதுகோலைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பூக்காரன் செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த சோழ இளவரசன் என்று வெளிப்படுகிறது. உத்தம சோழனாக முடியும் சூடுகிறான். 'பார்த்திபன் கனவி'ல் குந்தவி மனம் பறிகொடுத்த இரத்தின வியாபாரியும் சோழ இளவரசனே. வந்தியத்தேவன்? நாடிழந்தவனாயினும் வாணர் குலத்தவன். வறியவனைப் போல் தோன்றுபவனை நாம் நேசிக்கலாம், அவன் வறியவனாகப் பிறந்திராத வரையில்! குலம் வெளிப்பட்டதும் நமக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சு வருகிறதே, அதைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

குலம் மறைந்திராதவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி வாதாபியில் ஆண்டுக் கணக்கில் சிறையிருந்து காஞ்சிக்குத் திரும்பும்போது, மாமல்லர் பாண்டிய இளவரசியின் கணவராகவும் பிள்ளைகளின் தந்தையாகவும் இருக்கிறார். சிவகாமி ஏகாம்பரநாதரைத் தஞ்சமடைகிறாள். சாண்டில்யனின் வீரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வாள் சண்டைக்கும் வருணனைக்கும் நடுவே சமூகத்திற்கு இடமே இல்லை.

சரித்திரத்தை மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். வாதாபி வீழ்ந்ததை மாற்ற முடியாதுதான். ஆனால் சிவகாமியும் மந்தாகினியும் கல்வெட்டில் இல்லை, கற்பனையில் பிறந்தவர்கள். அவர்களுடைய விதியை எழுதியது சரித்திரமன்று. 1819-இல் வெளிவந்த 'ஐவன்ஹோ'வில் யூதப் பெண் ரெபெக்காவை ஒதுக்கி ரோவெனாவுக்கு மாலை சூட்டிய வால்டர் ஸ்காட்டும், அக்காலத்து வெறுப்புணர்வுகள் அத்தகைய திருமணத்தை இயலாததாக்கின என்று பின்னாளில் முன்னுரை எழுதினார். நல்ல சமாதானம்!

இத்தாலியக் கத்தோலிக்கரான மன்சோனி வேறு வழி சென்றார். 1827-இல் வெளியான அவருடைய 'மணம் பேசப்பட்டவர்கள்' என்னும் சரித்திர நாவலின் நாயகனும் நாயகியும் பட்டுத் தொழில் செய்யும் ஏழைகள், ரென்ஸோவும் லூசியாவும். அங்கேயும் ஏழைப்பெண்ணை விரும்பும் பிரபு ஒருவன் உண்டு. தோன் ரோட்ரிகோ அவளை விரும்புவது தன் உறவினனோடு கட்டிய பந்தயத்திற்காக! மேலிருப்பவனின் 'காதல்' கீழிருப்பவளின் வாசலில் எவ்வாறு வந்து நிற்கும் என்பதை அந்நூல் போல் காட்டியவை சில. அந்தப் பிரபுவின் அடியாள்கள் மிரட்டியதும், திருமணத்தை நடத்தி வைக்காமல் சாக்குச் சொல்பவர் பங்குக்குரு தோன் அப்போந்தியோ. ஏழைகளுக்குப் புரியாத இலத்தீனில் சாக்குச் சொல்கிறார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், மணம் பேசப்பட்ட இளையோர் இந்நூலைப் படிக்குமாறு கேட்டுக்கொண்டார். பெற்றோருக்கும் பங்குக்குருக்களுக்கும் சேர்த்தே அவர் பரிந்துரைத்திருக்கலாம் என்பது நம் ஆசை.

ஏனெனில் தோன் அப்போந்தியோ நமக்கு அந்நியரல்லர். மணமக்களின் மனமொத்த சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்கிறது திருச்சபைச் சட்டம். அது எண்ணிக் கூறும் திருமணத் தடைகளுள் சாதி இல்லை. ஆயினும் கத்தோலிக்க மணமகன் தேவை என்னும் விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்பதற்கு அடுத்த சொல் எதுவென்று நாம் அறிவோம். பங்கில் மூன்று ஓலை வாசிக்கக் காத்திருக்காமல், வேறூரில் பதிவு அலுவலகத்தைத் தேடிப்போன பிள்ளைகளையும் நாம் அறிவோம். அவர்களுள் சிலரது பெற்றோர் சிவகாமிக்காகக் கண்ணீர் விட்டவர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்குக் குலம் வெளிப்படும் கடைசி அத்தியாயம் இருக்கவில்லை.

கல்கியைப் பரணில் ஏற்றிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாமே அடுத்த கோடையில் மீண்டும் படிப்போம். அன்று பூங்குழலி குடிசை போதும் என்று சொல்லும் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டிலுள்ள பெண் பிள்ளையிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது: அவன் பூக்காரனாகவே இருந்துவிட்டால் என்ன, அம்மா?