வராதவருக்கு எத்தனை மார்க்?

தேர்தல் வந்தால் போதும், நாம எல்லாரும் மார்க் போடும் வாத்தியார் ஆகிவிடுகிறோம். டிவி விவாதத்தில் யார் யாரை 'வச்சு செஞ்சாங்க', யார் திணறினாங்க, யார் தண்ணி குடிச்சாங்க. மதுக்கரை டீக்கடையிலும் இதே பேச்சு, இன்ஸ்டா ரீலிலும் இதே பேச்சு. ஏனுங்க, பரீட்சைக்கே வராதவங்களுக்கு எதுக்கு மார்க் ஷீட்?

தமிழ்நாட்டில் முதல்வர் நாற்காலிக்குப் போட்டியிட்ட இரண்டு பேர் ஒரே ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதில் சொன்னதே கிடையாது. 2021 தொடக்கத்தில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நேருக்கு நேர் விவாதிக்கத் தயாரா என்று ஸ்டாலினைக் கூப்பிட்டார். தயார் என்றார் ஸ்டாலின். கூடவே ஒரு நிபந்தனை: டெண்டர் வழக்கில் சிபிஐ விசாரணைக்கு வாங்கிய தடையை முதலில் விலக்கிக்கொள்ளுங்கள். தேர்தலே முடிந்தது, விவாதம் நடக்கவில்லை. அதே தேர்தலில் கோவை தெற்கு. வானதியோடு விவாதிக்க வாங்க என்று கமலை அழைத்தார் ஸ்மிருதி இரானி. மோடி, அமித் ஷா என்று மேலிருந்து ஒரு வரிசையை நீட்டியது கமல் கட்சி. கடைசியில் 1,728 ஓட்டில் வானதி ஜெயித்தார். தொகுதிக்காரன் கேட்க வேண்டிய விவாதம் அந்த வரிசையிலேயே காணாமல் போச்சு.

அமெரிக்காவைப் பார் என்பார்கள். சரி, பார்ப்போம். 1960-இல் கென்னடியும் நிக்சனும் டிவியில் மோதினார்கள். வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன், டிவியில் பார்த்தவர்களுக்கு கென்னடி என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் ரொம்ப மெலிசு. அதைவிட முக்கியமான சங்கதியை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு 16 வருஷம், 1976 வரை, அங்கேயும் விவாதம் கிடையாது. முன்னணியில் இருந்த ஜான்சன் வரவில்லை; அப்புறம் அதே நிக்சனும் வரவில்லை. ஜெயிக்கிற குதிரை மேடை ஏறாது. ஏறாததற்கு விலை வைக்க வேண்டியது நாம்தான். நாமோ, அவர்கள் அனுப்பும் செய்தித் தொடர்பாளர்கள் ராத்திரி 8 மணிக்கு ஒருத்தர் மேல் ஒருத்தர் கத்துவதற்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவங்க ஒரு ஃபைலிலும் கையெழுத்துப் போடப்போவதில்லை.

தோரணையைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. 2024 ஜூனில் பைடன் தடுமாறியதை ஊரே பார்த்தது, ஒரு மாசத்துக்குள் போட்டியிலிருந்து விலகினார். ஆனால் அதைப் பார்க்கவும் அவர் அங்கே வந்து நிற்க வேண்டியிருந்தது.

எங்க பக்கத்துக் கேள்வி ஒண்ணு இருக்கு. வெள்ளலூர் பேருந்து நிலையம். 168 கோடி ரூபாய்த் திட்டம் என்று 2020-இல் அதிமுக ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள். 2021-இல் ஆட்சி மாறிய பின் வேலை பாதியில் நின்றது. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? ஏன் நிறுத்தினீங்க? போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு? நல்ல நெறியாளர் ஒருவருக்குப் பத்து நிமிஷம் போதும். பதில் சொல்ல வேண்டியவங்க ரெண்டே பேரு. ரெண்டு பேரும் பிரசாரத்துக்குக் கோவை வந்துட்டுத்தான் போறாங்க, தனித்தனி வேனில்.