பழைய ஜீப்பை எந்த ஆண்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது?

பெரியப்பாவின் லாண்ட் றோவரைத் திருத்தத் தொடங்கிவிட்டோம் என்று வாய் விட்ட நாளிலிருந்து எல்லாரும் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “ஒரிஜினலாச் செய்யிறியளோ?” கம்பஸில் கேட்கிறார்கள், கராஜில் கேட்கிறார்கள், கனடாவிலிருந்து வீடியோ கோல் எடுக்கிற மாமாவும் கேட்கிறார். கேள்வியே பிழை என்பதுதான் எங்கள் கட்சி. கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டி 1965ஆம் ஆண்டுச் சீரிஸ் 2ஏ. கட்டையான 88 அங்குல ஸ்ரேசன் வாகன். வெப்ப நாடுகளுக்கென்று செய்த இரட்டைக் கூரை. ஒரு தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு, இடையாலே காற்று ஓடும். எங்கட வெயிலுக்கு அதை யோசித்தவருக்குக் கோயில் கட்டலாம். உடம்பு அலுமினியக் கலவை. 1948இல் முதல் லாண்ட் றோவர் வந்தபோது பிரித்தானியாவில் போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாடு, அதனால்தான் அலுமினியத்துக்குப் போனார்கள். சசி மட்டும் உருக்கு. வடமராட்சிக் கடற்காற்றில், மாமரத்துக்குக் கீழே, 11 வருடம் நின்ற உருக்கு எப்படியிருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து மாமரத்தடிக்குத் தரகர்கள் வரத் தொடங்கினார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது; வரியைக் கேட்டபிறகு வீட்டில் ஒருத்தரும் புதுவண்டிக் கதை எடுக்கவில்லை. தரகர்களும் நிற்கவில்லை. கடைசியாக வந்தவர் நல்ல விலை சொன்னார். “கொழும்பிலை ஒராள் கேக்கிறார். முழுக்க உரிச்சு, 65இலை கொம்பனியால வந்த மாதிரியே ஆக்கிப்போடுவார்” என்றார். வண்டிக்குச் செய்யிற மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். எங்களுக்குச் சுருக்கென்றது. அப்படி உரித்தால் எதெல்லாம் போகும் என்று அன்று பின்னேரம் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம்.

எரிபொருள் குழாயில் இரண்டாவது தாங்கிக்கென்று போட்ட ஒரு ‘ரி’ இணைப்பு இருந்தது. அது பொருளாதாரத் தடைக் காலத்துச் சாமான். பெற்றோல் வராத 90களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினைப் பத்தவைத்து, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இந்த 2.25 லீற்றர் எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவு, 7க்கு 1 தான். அதனாலே புகையைக் கக்கிக்கொண்டாவது ஓடியிருக்கிறது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையின் கதைகளில் இந்த ஒயில் கணக்கு ஏனோ வருவதில்லை.

தட்டையான யாழ்ப்பாணத்தில் நாலு சில்லும் இழுக்கிற வண்டி எதுக்கு என்று நாங்களே சிரித்திருக்கிறோம். யானையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது சனம் கிளாலிக் கரையிலிருந்து வள்ளத்தில்தான் வன்னிக்குப் போனது. அந்த மணலில் சாதாரணக் கார் புதைந்துவிடும். மஞ்சள் குமிழை அமத்தி முன் சில்லுக்கும் இழுவை கொடுத்து, நோயாளிகளையும் சோதனைக்குப் போற பிள்ளைகளையும் பெரியப்பா கரைவரை இறக்கியிருக்கிறார். மஞ்சள் குமிழின் நிறம் இன்றைக்குப் பாதிதான் இருக்கிறது.

எங்கள் கொப்பியில் மூன்றாவதாக இருந்தது துளைகள். இடப்பக்கத் தகட்டில் மூன்று. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட நாட்களில் பெரியம்மாவின் சகோதரங்களை ஏற்றப்போனபோது விழுந்த சன்னத் துளைகள். கலைப்பீடத்துப் பிள்ளைகள் அல்லவா, எங்களுக்குப் புல்லரித்தது. ‘நினைவு’, ‘சாட்சியம்’ என்று விரிவுரைகளில் கேட்ட சொல்லெல்லாம் வரிசையாக வந்தது. துளைகளை அப்படியே விட்டு, சுற்றிவரப் பெயின்ற் அடிப்பது என்று தீர்மானித்தோம். ஒராள் முகநூலில் போட ஒரு பந்திகூட எழுதி வைத்திருந்தா.

பெரியப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பாமலே கேட்டார்: “மழை பெஞ்சா அந்தப் பக்கத்தில ஆர் இருக்கிறது?”

எங்களிடம் மறுமொழி இல்லை.

பிறகுதான் வடிவாகப் பார்த்தோம். மூன்றில் ஒன்றை 96இல் திரும்பி வந்த கையோடு அவரே அடைத்திருக்கிறார், பால்மா ரின்னை வெட்டி, தட்டி, ஆணி இறுக்கி. அந்தத் தகரம்தான் பெரிய சேதம் செய்திருந்தது. அலுமினியமும் இரும்பும் முட்டிக்கொண்டு இருக்க, உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் கரையும். ரின்னைச் சுற்றி வெள்ளை மாவாகக் கொட்டி, விரல் போகிற துளை கைப்பிடி அளவாகியிருந்தது. கதவுகளின் உள்ளேயும் இதே வருத்தம். உருக்குச் சட்டத்தின் மேல் அலுமினியத் தோல். நாங்கள் மூன்று துளைகளுக்கும் அலுமினியத் தகடு வெட்டி, இடையில் சீலன்ற் பூசி, அலுமினிய றிவெற்றால் அடித்தோம். ஒட்டு வெளியில் தெரிகிறது. அதை மறைக்கவும் இல்லை, அதுக்கு விளக்கக் குறிப்பு எழுதவும் இல்லை.

ஆக, 1965க்கா, 1995க்கா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, வண்டிக்காரர் வருகிற மாரிக்குத் திருத்தச் சொல்கிறார். எங்களுக்கும் இப்போது அதுதான் சரியாகப் படுகிறது. வண்டியில் ஏறப்போகிற ஆள் நனையாமல், அடிபடாமல் போய்ச் சேர வேண்டும். மற்றக் கேள்விகளுக்கு அதுக்குப் பிறகுதான் இடம்.

இந்த முடிவால் காசுக் கணக்கும் தெளிந்தது. யூரியூப் காணொளிகளில் பெயின்ற்தான் கதாநாயகன். எங்களுக்குப் பெயின்ற் கடைசி. முதல் காசு பிறேக்குக்கு. நாலு சில்லிலும் ட்ரம் பிறேக், சிலிண்டர் றப்பர்கள் எல்லாம் இறுகிப்போயிருந்தன. அவற்றைப் புதிதாகவே வாங்கினோம், பேரம் பேசாமல். பழைய இரும்புக் கடையில் பிறேக் சாமான் தேடுகிறவர்களை நாங்கள் சிக்கனக்காரர் என்று சொல்லமாட்டோம். இரண்டாவது காசு சசிக்கு. பெட்டி வடிவான சசி உள்ளேயிருந்துதான் உக்கும். வெளியில் கறுப்புப் பூச்சுப் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்னும், உக்கிய இடம் மொத்தென்னும். பின் குறுக்குச் சட்டம் முழுக்க மொத்து.

அந்த வெல்டிங்கை எங்களூர் பாஸ் செய்து தந்தார். ஒட்டத் தொடங்க முதல் பற்றரியைக் கழற்றுவித்தார், பெற்றோல் தாங்கியையும் இறக்குவித்தார். தாங்கி இருப்பது சாரதி இருக்கைக்கு நேர் கீழே. தெரியாமல் பொறி பறக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இரண்டு நாள் வேலைக்கு அவர் கேட்ட காசு எங்கள் ஒராளின் கைபேசி விலையில் கால்வாசி. அதிலும் ஆயிரம் குறைக்கக் கேட்டோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். ‘குறைந்த செலவில் வீட்டிலேயே’ என்று நாங்கள் பெருமையடிக்கிற மிச்சக் காசில் பாதி, அவர் தன் கைவேலைக்குக் கேட்காமல் விட்ட காசு. பட்டமில்லாதவரின் அறிவுக்கு எங்கட ஊரில் விலையே வைக்கிறதில்லை.

எங்கள் அறிவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பற்றரியின் மைனஸை உடம்புக்குக் கொடுத்தோம், எல்லா வண்டிக்கும் அப்படித்தானே என்று. எஞ்சின் பத்திச் சந்தோசப்பட முதல் ரெகுலேற்றர் பெட்டியிலிருந்து புகை. “டேய், இதுக்கு உடம்புதான் பிளஸ்!” என்று பெரியப்பா கத்தினார். அந்தக் காலத்து லாண்ட் றோவர்களுக்கு அப்படித்தானாம். அவர் சொல்லுவார் என்று நாங்கள் கேட்கவில்லை, நாங்கள் கேட்பம் என்று அவர் சொல்லவில்லை. ரெகுலேற்றருக்குப் போன காசு பெயின்ற் காசு.

“பெற்றோல் குடிக்கிற கிழட்டு வண்டி, உங்களுக்கேன் உந்த வேலை?” என்று கேட்பவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதை நாங்களும் வரிசையில் நின்று பார்த்தவர்கள்தான். தினமும் ஓடுவதற்கில்லை. வெங்காய மூட்டை ஏற்ற, மாரியில் ஒழுங்கை நிறைய வெள்ளம் நிற்கிறபோது பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக, இடைக்கிடை மணற்காட்டுப் பக்கம் போய்வர. அவ்வளவுதான்.

போன கிழமை முதல் தடவையாகச் சந்திவரை ஓடினோம். இரண்டாம் கியர் இடையிலே கழன்று விழுகிறது. பின்கதவுப் பூட்டு இன்னும் கிடைக்கவில்லை, கயிறு கட்டித்தான் ஓடுகிறோம். யாருடைய கோடிக்குள்ளாவது ஒன்று கிடந்தால் சொல்லுங்கோ, ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்றில்லை.