முகவரி இழந்த மூலத்தரவு

1913ஆம் ஆண்டளவில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜே. ஜே. தொம்சன் நியோன் வாயுவின் அயன்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் விலகச்செய்து ஒளிப்படத் தட்டொன்றில் விழச்செய்தார். 20, 22 என்னும் இரு திணிவுகளுக்குரிய இரு வளைகோடுகள் அத்தட்டிற் பதிந்தன. நிலையான மூலகத்துக்கும் சமதானிகள் உண்டு என்பதற்கு அதுவே முதற் சான்றாயிற்று. அவரோடு பணியாற்றிய அஸ்ரன் 1919இல் திணிவு நிறமாலைப் பதிகருவியை அமைத்து, 1922இல் நொபெல் பரிசு பெற்றார். அக்காலத்துச் சான்று கையிற் பிடிக்கத்தக்க பொருளாக இருந்தது. தட்டு அலுமாரியில் இருக்கும். ஐயுறுவோர் அதனை எடுத்து நோக்கலாம்.

இன்றைய திணிவு நிறமாலைமானி தட்டில் எழுதுவதில்லை. கணினிக் கோப்பில் எழுதுகிறது. குருதித் துளியொன்றிலுள்ள புரதங்களைப் பெப்தைட்டுகளாகச் சிதைத்து ஒரு மணி நேரம் அளந்தால், பல்லாயிரம் நிறமாலைகள் கொண்ட கோப்பொன்று உருவாகும். அதன் அளவு ஒரு கிகாபைட்டை எளிதில் தாண்டும். இதுவே மூலத்தரவு. கருவியருகே உள்ள கணினி சில வாரங்களில் நிறைந்துவிடும். கோப்புகள் புறவன்தட்டுக்கும், பின்னர் பொதுச் சேமிப்பகத்துக்கும் இடம்பெயரும். இடையில் ஒருவர் கோப்புறையின் பெயரை மாற்றுவார். இன்னொருவர் பட்டம் பெற்று வெளியேறுவார். ஆய்வுக்குப் பயன்பட்ட மென்பொருளோ பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கும்.

இவ்விடப்பெயர்ச்சியை ஒழுங்குபடுத்துவது இலிகிதர் வேலை என்றும், விஞ்ஞானியின் பணி அதற்கு அப்பாற்பட்டது என்றும் ஒரு கருத்து ஆய்வுகூடங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. மூளையுழைப்பை உயர்த்திக் கையுழைப்பை இழித்த பழைய மனப்பான்மையின் புதிய வடிவமே இது. இக்கருத்துப் பிழையானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

ஆபத்து எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகிய ஸ்கைலைன் என்னும் இலவச மென்பொருள் புரத ஆய்வாளரிடையே பரவலான வழக்கிலுள்ளது. அதன் ஆவணம் மூலக்கோப்புகளைத் தன்னுள் அடக்கி வைப்பதில்லை. அவை இருக்கும் பாதையையே குறித்து வைக்கிறது. கோப்புகளிலிருந்து பிரித்தெடுத்த வரைபுகளை வேறொரு துணைக்கோப்பிற் சேமிக்கிறது. மூலக்கோப்புகள் இடம் மாறிய பின்னரும் வரைபுகள் முன்போலவே திரையிற் தோன்றும். எண்களும் அட்டவணைகளும் குறைவின்றி இருக்கும். ஆனால், வரைபின் ஒரு புள்ளிக்குப் பின்னால் உள்ள முழு நிறமாலையைக் காண ஒருவர் விரும்பினால் மூலக்கோப்பு வேண்டும். அப்பொழுதுதான் அது இல்லை என்பது தெரியவரும். அதாவது, ஐயம் எழாதவரை இழப்பும் வெளிப்படாது. பதிப்பாசிரியர் காட்டும் பாடம் அச்சில் அழகாக இருக்க, மூல ஏடு எந்தப் பரணிற் கிடக்கிறது என்று எவருக்கும் தெரியாத நிலைமையோடு இது ஒப்பிடத்தக்கது.

கருவி உற்பத்தியாளரின் பொறுப்பும் சிறிதன்று. ஒரு நிறுவனத்தின் மூலத்தரவு தனிக்கோப்பாக வரும். இன்னொன்றினது, பல கோப்புகள் அடங்கிய கோப்புறையாக வரும். விஃப் எனப்படும் வடிவத்திலோ நிறமாலைகள் விஃப் ஸ்கான் என்ற இணைக்கோப்பில் உள்ளன. முதற்கோப்பை மட்டும் பிரதிசெய்து, இணைக்கோப்பை விட்டுவந்தவர் வெற்றுறையையே சுமந்து வந்தவராவார். இவ்வடிவங்கள் பலவற்றின் உள்ளமைப்பு நிறுவனங்களின் தனியுடைமை. பொதுப்பணத்திற் பெற்ற சான்றைப் படிப்பதற்கே உற்பத்தியாளரின் தயவு வேண்டியிருப்பது அறிவுலகம் ஏற்கத்தக்க ஏற்பாடன்று.

“கோப்புத் தொலைந்தால் மாதிரியை மீண்டும் அளக்கலாமே” என்பர் சிலர். நோயாளி ஒருவரின் இழையத்திலிருந்து எடுத்த மாதிரி அளவீட்டிலேயே செலவாகிவிடும். அந்நோயாளியின் அன்றைய உடல்நிலையும் மீண்டு வாராது. கருவியின் உணர்திறனும் நாளுக்கு நாள் மாறும். மீள அளப்பது புதிய பரிசோதனையேயன்றிப் பழைய சான்றின் மீட்சியன்று.

“கட்டுரையில் அட்டவணை வெளிவந்துவிட்டது, அது போதும்” என்பது மற்றொரு வாதம். இதற்கு 2014ஆம் ஆண்டு தக்க விடையளித்தது. அவ்வாண்டில், மனிதப் புரதத்தொகுதியின் முதல் வரைவுகள் என இரு ஆய்வுகள் நேச்சர் இதழில் ஒருங்கே வெளியாயின. ஒன்று அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் பெங்களூர் ஆய்வு நிறுவனமொன்றையும் சார்ந்தது. மற்றையது ஜேர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. மூக்கின் இழையத்தை ஆராயாமலே மணவுணர் வாங்கிப் புரதங்கள் பலவற்றைக் கண்டதாக அவற்றின் பட்டியல்கள் கூறின. அதே ஆண்டிலேயே ஸ்பானிய ஆய்வாளர் அத்தரவுகளை மீள ஆராய்ந்து, அக்கண்டுபிடிப்புகளுக்கு ஆதாரமான நிறமாலைகள் வலுவற்றவை எனக் காட்டினர். அட்டவணை மட்டும் எஞ்சியிருந்தால் இத்திருத்தம் நிகழ்ந்திருக்குமா? தரவைத் திறந்து வைத்தமை அவ்விரு குழுவினருக்கும் இழுக்கன்று. அவர்களின் பணியிற் போற்றத்தக்க பகுதி அதுவேயாகும்.

“பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழிக்கலாம்” என்பது மூன்றாவது வாதம். மனிதப் புரதத்தொகுதி அமைப்பின் நியமக் குழுவினர் 2008இல் வெளியிட்ட எம்இசட்எம்எல் என்னும் திறந்த வடிவம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், மாற்றும்போது உச்சிகளை மட்டும் தெரிந்தெடுத்தால் அவற்றின் முழுவடிவம் இழக்கப்படும். அதனைப் பின்னர் மீட்கவியலாது. அன்றியும், அவ்வடிவமே மூலத்தின் பெருமையை ஒப்புக்கொள்கிறது. எந்த மூலக்கோப்பிலிருந்து பிறந்தது என்பதை அது தன் தலைப்பகுதியிற் பதிந்து வைக்கிறது. கோப்பின் பெயர், இருந்த இடம், உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஷா-1 என்னும் சரிபார்ப்பு எண் ஆகிய மூன்றும் அங்கே தனித்தனியே இடம்பெறும். பெயர் மாறலாம், இடம் மாறலாம், உள்ளடக்கம் மாறாதவரை அவ்வெண் மாறாது. கோப்பின் அடையாளம் அதன் முகவரியில் இல்லை என்னும் உண்மை இங்கு தெளிவாகிறது.

எனினும், எண் மட்டும் சான்றைக் காக்காது. அமெரிக்காவின் மிச்சிகனில் இயங்கிய ட்ராஞ்ச் என்னும் களஞ்சியம் உள்ளடக்க எண்களாலேயே கோப்புகளை இனங்கண்டது. நிதி நின்றபோது அது செயலிழந்தது. எண்கள் கட்டுரைகளில் எஞ்சின. அவை சுட்டிய கோப்புகள் பல எட்டாதனவாயின. இதற்கு மாறாக, அமெரிக்க அரசின் பெப்டைடோம் களஞ்சியம் 2011இல் மூடப்பட்டபோது, அதன் தரவுகள் இங்கிலாந்திலுள்ள பிரைட் களஞ்சியத்துக்குத் திட்டமிட்டு மாற்றப்பட்டன. இரண்டுமே மூடப்பட்ட களஞ்சியங்கள்தாம். ஒன்றில் இடப்பெயர்ச்சியை ஒரு பணியாக மதித்து அதற்கு ஆளும் காலமும் ஒதுக்கினர். மற்றையதில் அதற்கு வழியிருக்கவில்லை.

ஆகவே, கோரப்படுவன மிகையானவை அல்ல. ஆய்வுக் கோப்புறையும் மூலக்கோப்புகளும் ஒரே கூரையின்கீழ் இருத்தல் வேண்டும். இடம் மாற்றினால் முழுக்கோப்புறையும் ஒருங்கே மாறவேண்டும். கருவி இட்ட பெயரைப் பின்னர் எவரும் மாற்றலாகாது. பிரதிசெய்ததன் பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்புநோக்காமல் முதற்பிரதியை அழித்தலாகாது. மென்பொருள் அமைப்போர் தொலைந்த கோப்பை முகவரியால் மட்டுமன்றி உள்ளடக்கத்தாலும் தேடும் வழியை வகுத்தல் வேண்டும். கட்டுரை வெளிவருமுன் மூலத்தரவு பொதுக்களஞ்சியத்தைச் சேர்தல் வேண்டும். இவற்றைச் செய்யும் தொழில்நுட்பவியலாளரின் பெயர் ஆய்வாளர் பெயர்களோடு இடம்பெறல் வேண்டும்.

தொம்சனின் தட்டைத் துடைத்து, பெயரெழுதி, அலுமாரியில் வைத்த கைகளை எவரும் போற்றியதில்லை. ஆயினும், அக்கைகள் இன்றேல் இரு வளைகோடுகளும் வெறும் வாய்மொழியாகவே எஞ்சியிருக்கும். கோப்பு எங்கே என்று கேட்கும்போது விடையளிக்க முடியாத ஆய்வுகூடம், தன் முடிவை நம்புமாறு பிறரைக் கேட்கும் உரிமையையும் இழந்துவிடுகிறது.