அஸ்திவாரம் யாருக்கு?

சுவர் விரிந்தால் பூசிக்கொள்ளலாம். கூரை ஒழுகினால் மாற்றிக்கொள்ளலாம். அஸ்திவாரம் உட்கார்ந்து போச்சுன்னா? வீடே போச்சு! மண்ணுக்குள் மறைந்து கிடப்பதுதான் மேலே தெரிகிற அத்தனையையும் தாங்குகிறது.

'இந்த நாட்டின் வளத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்' என்று மேடைக்கு மேடை நம்மைப் புகழ்கிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். பெருமைதான். ஆனால் நாம் பிறந்து வளர்ந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் அஸ்திவாரம் போட்ட நமக்கு, சொந்தமாக ஓர் அஸ்திவாரம் இல்லை.

முடியாத காரியமா இது? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த காசில் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார்கள்.

சம்பளத்தன்று ஒதுக்கும் சிறு தொகை, பள்ளிக்கு மட்டம் போடாத பிள்ளை: இவைதான் நம் அஸ்திவாரக் கற்கள். வேலை கையில் இருக்கும்போதே சொந்த வீட்டுக்கு வழி தேடுவோம். ஓய்வு பெற்ற பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும்.

முதல் கல்லை இந்த மாதமே வைப்போம், வாங்க!