சிவப்புப் பாறை, பச்சைப் பாறை, கீழே நீல ஏரி!

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டி இருக்கிறது வாட்டர்டன் லேக்ஸ் தேசியப் பூங்கா. இங்கே மலை ஏறுபவர்களை முதலில் நிற்கவைப்பது களைப்பு அல்ல, நிறம்! ஓர் அடுக்கு செங்கல் சிவப்பு, அடுத்த அடுக்கு பாசிப்பச்சை.

இரண்டுக்கும் காரணம் இரும்புதான். 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. காற்றுபட்ட சேற்றின் இரும்பு துருப்பிடித்துச் சிவந்தது. காற்றுபடாத சேறு பச்சையாகவே இறுகியது. அந்த நீரின் அலைத்தடம் இன்றும் பாறையில் வரிவரியாகத் தெரியும்.

பல சிகரங்களுக்கு இங்கே பாதை கிடையாது. கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். இதற்குப் பெயர் 'ஸ்கிராம்ப்ளிங்'. இந்த அழகுப் பாறையில்தான் ஆபத்தும் இருக்கிறது. பிடித்தால் பெயர்ந்து வரும். பின்னால் வருபவர் தலையில் விழும். ஹெல்மெட் அவசியம். ஒவ்வொரு பிடியையும் தட்டி, அசைத்துப் பார்த்த பிறகே உடல் எடையைக் கொடுக்க வேண்டும்.

மேலே போனால், கீழே அப்பர் வாட்டர்டன் ஏரி நீல ரிப்பனாக நீளும். கனடிய ராக்கி மலைகளிலேயே ஆழமான ஏரி இது. இதன் தென்முனை இருப்பது அமெரிக்காவில்!

பாதி வழியில் மேகம் கறுத்தால்? யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். உச்சியைத் தொட்டால் பாதிதான் முடிந்தது. பத்திரமாக இறங்குவதுதான் மீதிப் பாதி!